கேளுங்கள், சொல்கிறேன்: பெடரருக்காக அழுதவர்கள்

சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டார் என்பதற்காக டெனிஸ் வீரர் ரோஜர் பெடரரின் கடைசி ஆட்டத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. அதிலும் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக் கடிதங்கள்தான் கூட. டெனிஸ் கோர்ட்டைக் கண்ணால் காண்பதே அரிதான ஊர்களிலிருந்து அந்த மனிதரை இவ்வளவு பேர் வருடக்கணக்கில் பின்தொடர்ந்திருக்கிறீர்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோசம். அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அவருக்கும் உங்களுக்கும்தான். மற்றக் கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில் தருகிறேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: அக்கா, 2022இல் பெடரர் கடைசியாக விளையாடிய அன்று விடியும்வரை அழுதேன். "ஆர் செத்தது? என்னத்துக்கு இந்த ஒப்பாரி?" என்று அம்மா ஏசினார். ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது சித்தப்பா வீட்டு டிவியில் அவர் பாரிஸில் வென்றதைப் பார்த்ததிலிருந்து அவர்மேல் பைத்தியம். ஆனாலும் நேரில் ஒருதரம்கூடக் காணாத மனிதருக்காக இப்படி அழுவது சரியா?
*வாசகி, கல்லடி*

சரிதான் தங்கச்சி. இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

நீங்கள் சொல்லும் அந்த பிரெஞ்சுப் பகிரங்க டெனிஸ் இறுதியாட்டம் 2009 ஜூன் 7ஆம் திகதி நடந்தது. நம் ஊர்களில் யுத்தம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம். யார் எங்கே இருக்கிறார்கள் என்று பல வீடுகளில் தேடிக்கொண்டிருந்த அந்த நாட்களில், பத்து வயதுப் பிள்ளை ஒன்று டிவிக்கு முன்னால் இருந்து, சுவிஸ்காரர் ஒருவர் செம்மண்ணில் முழங்காலில் விழுந்து அழுவதைப் பார்த்திருக்கிறது. அதற்குப் பிறகு சாதாரணதரம், உயர்தரம், வந்தாறுமூலைக் கம்பஸ் என்று உங்களுடைய ஒவ்வொரு கட்டமும் மாறிக்கொண்டே வந்தபோது, ஜனவரியில் மெல்பேர்ன், ஜூலையில் விம்பிள்டன் என்று அநேகமாக ஒவ்வொரு வருடமும் அதே ஆள் அதே தலைப்பட்டியோடு வந்து நின்றார். பிறகு ஒருநாள் "இனி வரமாட்டேன்" என்றால் அழுகை வராமல் என்ன செய்யும்? நீங்கள் அழுதது அவருக்காக மட்டும் இல்லை, அந்தப் பதின்மூன்று வருடங்களுக்காகவும்தான்.

அதுவும் 2022 நமக்கு எப்படிப்பட்ட வருடம் என்று சொல்லத் தேவையில்லை. காஸ் வரிசை, பெற்றோல் வரிசை, பால்மா வரிசை. சந்தோசமாகப் பார்க்க மிச்சமிருந்த ஒன்றிரண்டில் ஒன்றும் போனால் மனம் தாங்காது.

அம்மாவோடு இதற்காகச் சண்டை பிடிக்க வேண்டாம். அம்மம்மா இருந்தால் அவரிடம் கேட்டுப் பாருங்கள், 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். இறந்த செய்தி வந்தபோது நம் பக்கத்து வீடுகளில் எத்தனை பேர் சமைக்காமல் இருந்தார்கள் என்று. அவர்களும் அவரை நேரில் கண்டவர்கள் இல்லை.

ஒரேயொரு வித்தியாசம்: பெடரர் உயிரோடு, மனைவி பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறார். ஆனால் விளையாட்டு வீரருக்கு இரண்டு ஆயுள். நமக்குத் தெரிந்தது முதலாவதுதான், அது அவருக்கு 41 வயதில் முடிந்துவிட்டது. அதற்கு அழத்தான் வேண்டும்.

கேள்வி: அன்றைக்கு நான் சவூதியில் வேலையில் இருந்தேன், பார்க்கக் கிடைக்கவில்லை. பிறகு துண்டு துண்டாகத்தான் பார்த்தேன். அந்த இரவில் உண்மையில் நடந்தது என்ன? முழுசாகச் சொல்லுங்கள்.
*வாசகர், கல்முனை*

சொல்கிறேன். 2022 செப்டெம்பர் 15ஆம் திகதி, தன் குரலிலேயே பதிவுசெய்த ஒரு கடிதம் மூலம் ஓய்வை அறிவித்தார். வலது முழங்காலில் ஒன்றரை வருடத்துக்குள் மூன்று சத்திரசிகிச்சை. உடம்பு சொல்வதை நான் கேட்க வேண்டும் என்ற மாதிரிச் சொன்னார். லண்டனில் நடக்கும் லேவர் கிண்ணத்தோடு முடித்துக்கொள்வேன் என்றும் சொன்னார். ஐரோப்பிய அணியும் உலகின் மற்ற நாடுகளின் அணியும் மோதும் போட்டி அது, தொடங்கியதில் அவருக்கும் பங்குண்டு. ஒற்றையர் ஆட்டம் ஆட முழங்கால் விடாது. ஆகவே ஒரே ஒரு இரட்டையர் ஆட்டம், பக்கத்தில் வருடக்கணக்காக அவரை எதிர்த்து ஆடிய ரபேல் நடால்.

23ஆம் திகதி வெள்ளி இரவு அங்கே ஆட்டம் தொடங்கும்போது இங்கே சனிக்கிழமை அதிகாலை. நம் பக்கத்தில் கடலுக்குப் போகிறவர்கள் ஒழும்பும் நேரத்தில் போனில் டேட்டா போட்டுக்கொண்டு விழித்திருந்தவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் கடிதங்களைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. எதிரே அமெரிக்கர்கள் இருவர், ஜக் சொக், பிரான்சிஸ் டியாபோ. முதல் செட்டை பெடரரும் நடாலும் 6-4 என்று எடுத்தார்கள். அந்தச் செட்டில் ஒரு அதிசயம்: ஓடிவந்து பெடரர் அடித்த பந்து, வலைக்கும் வலைக்கம்பத்துக்கும் இடையில் இருக்கிற அந்தச் சின்னஞ்சிறு இடைவெளிக்குள்ளால் புகுந்து மறுபக்கம் போய் விழுந்தது. வேண்டுமென்று ஆயிரம் தரம் அடித்தாலும் போகாது. விதிப்படி புள்ளி எதிரணிக்குத்தான், ஆனால் அரங்கம் நம்பமுடியாமல் சிரித்தது. ஒரு வருடத்துக்கும் மேலாக ஆடாமல் இருந்த 41 வயது மனிதர்!

இரண்டாவது செட் டைபிரேக்கில், அதாவது சமநிலையை முறிக்க ஆடும் புள்ளிச் சுற்றில், போய்விட்டது. மூன்றாவது செட்டுக்குப் பதிலாகப் பத்துப் புள்ளி டைபிரேக். அதில் 9-8 என்று முன்னுக்கு நின்று சேர்வ் போட்டவர் பெடரர். இன்னும் ஒரு புள்ளி, வெற்றியோடு போகலாம். நான் மூச்சுவிடவில்லை. கிடைக்கவில்லை. 11-9 என்று முடிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எல்லாரும் பேசுவது. நடாலைக் கட்டிப்பிடித்தார், எதிராளிகளைக் கட்டிப்பிடித்தார், பேச வந்தவர் பேச முடியாமல் விம்மினார். ஆனாலும் தனக்குக் கவலை இல்லை, சந்தோசம்தான் என்று சொன்னார். கடைசியாக ஒருதரம் சப்பாத்துக் கயிறு கட்டியதுகூடத் தனக்குச் சந்தோசமாக இருந்தது என்று சொன்னார் பாருங்கள், அந்த இடத்தில்தான் எனக்கு உடைந்தது. மனைவி மிர்காவைப் பற்றி, "அவள் எப்போதோ என்னை நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை" என்ற கருத்தில் சொல்லும்போது வார்த்தை வரவில்லை. பிறகு வாங்கில் இருந்தபடி பெடரர் அழுகிறார், பக்கத்தில் நடாலும் அழுகிறார், ஒரு கணம் பெடரரின் கை நடாலின் கையைத் தொடுகிறது. நீங்கள் துண்டு துண்டாகப் பார்த்ததில் அந்தப் படம் கட்டாயம் இருந்திருக்கும்.

ஜோகோவிச்சும் மரேயும் அவர்களுக்குப் பின்னால் நின்றார்கள். கிட்டத்தட்ட இருபது வருடம் ஒருவரையொருவர் விரட்டிய நாலு பேரும் அன்றைக்கு ஒரே நிறச் சட்டையில் ஒரே அணியில். பிறகு எல்லாரும் சேர்ந்து அவரைத் தூக்கினார்கள்.

கேள்வி: எத்தனை பட்டம் என்று சுருக்கமாகச் சொல்லுங்கள், கூட்டாளிமாரோடு பந்தயம்.
*வாசகர், நிந்தவூர்*

கிராண்ட்ஸ்லாம் என்கிற நாலு பெரிய தொடர்களில் 20: விம்பிள்டன் 8, அவுஸ்திரேலியா 6, அமெரிக்கா 5, பிரான்ஸ் 1. எல்லாத் தொடரும் சேர்த்து 103. உலகத் தரவரிசையில் முதலிடத்தில் 310 வாரம், அதில் 237 வாரம் இடைவிடாமல். பந்தயத்தில் வென்றால் தோற்றவருக்கும் ஒரு பிளேன்டி வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: சகோதரி, எனக்கு உங்கள் கருத்தில் உடன்பாடு இல்லை. பெரிய வீரன் என்றால் வென்றுவிட்டுப் போக வேண்டும். நம் முரளி போனதுபோல. தோற்று, அழுது, அதைக் கொண்டாடுவது என்ன மாதிரி?
*வாசகர், அக்கரைப்பற்று*

முரளி போன விதத்துக்கு உலகத்திலேயே ஈடு இல்லை, அதில் உங்களோடு நான் முழுக்க உடன்பாடு. 2010 ஜூலை, காலி நகரத்துக் கிரிக்கெட் மைதானம். 792 விக்கெட்டோடு கடைசி டெஸ்டுக்கு வந்தார். எட்டு வேண்டும். எட்டாவது விக்கெட், அவர் டெஸ்டில் வீசிய கடைசிப் பந்தில், மஹேலவின் கையில் பிடியாக விழுந்தது. சரியாக 800. நினைத்தால் இப்பவும் மயிர்க்கூச்செறியும்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். டெனிஸ் தொடரில் ஒவ்வொரு வாரமும் ஒரே ஒருவர்தான் தோற்காமல் வீட்டுக்குப் போவார். மற்ற எல்லாருக்கும் அந்த வாரம் தோல்வியில்தான் முடியும். அன்ட்ரே அகாசி 2006இல் நியூயோர்க்கில், தரவரிசையில் நூறுக்கும் வெளியே இருந்த ஒருவரிடம் தோற்றுத்தான் போனார், சனம் எழுந்து நின்று கைதட்டி ஓயவில்லை. செரீனா வில்லியம்ஸ் 2022இல் அதே இடத்தில் மூன்றாம் சுற்றில் தோற்றார். நடால் 2024 நவம்பரில் மலகாவில் நாடுகள் மோதும் டேவிஸ் கிண்ணத்தில் நேர்செட்டில் தோற்றார். பெடரரின் கடைசி ஒற்றையர் ஆட்டத்தைக்கூட எடுங்கள்: 2021 விம்பிள்டன் காலிறுதி, ஹர்காஸிடம் தோல்வி, கடைசி செட் 6-0. எட்டுத்தரம் வென்ற புல்வெளியில் ஒரு கேம்கூட எடுக்க முடியவில்லை. அன்றைக்கு முழங்கால் வேலைசெய்யவில்லை என்று பார்த்தவர்கள் எல்லாருக்கும் விளங்கியது. அதோடு போயிருந்தால் அதுதான் நமக்குக் கடைசி ஞாபகம்.

வென்றுவிட்டுப் போனவர் ஒருவர் இருக்கிறார், பீட் சாம்ப்ராஸ். 2002 அமெரிக்கப் பகிரங்க இறுதியில் அகாசியை வென்றார், பிறகு ஆடவே இல்லை. கேட்க எவ்வளவு வடிவாக இருக்கிறது! ஆனால் அன்றைக்கு அரங்கில் இருந்த ஒருவருக்கும் அதுதான் கடைசி ஆட்டம் என்று தெரியாது. ஒரு வருடம் கழித்துத்தான் கூப்பிட்டு விழா வைத்து வழியனுப்பினார்கள். நான் சொல்ல வருவது இதுதான்: வெற்றி தோல்வியை விட, "இதுதான் கடைசி" என்று போகிறவருக்கும் தெரிந்து, அனுப்புகிறவர்களுக்கும் தெரிந்து, இரண்டு பக்கமும் முகம்பார்த்து நிற்கக் கிடைப்பதுதான் பெரிய பாக்கியம். முரளிக்கும் நமக்கும் அது கிடைத்தது. பெடரருக்கும் கிடைத்தது. ஸ்கோர் அதற்குப் பிறகுதான்.

கேள்வி: பிள்ளை, நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். எனக்கு டெனிஸ் என்றால் ஸ்டெபி கிராப்தான். பேப்பர் வெட்டி ஒட்டிய கொப்பி ஒன்று வைத்திருந்தேன், 2004 கடலில் போய்விட்டது. அவருக்கு இப்படியொரு விடைபெறல் நடந்ததாக ஞாபகம் இல்லை. ஏன்?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், களுவாஞ்சிகுடி*

உண்மை சேர், நடக்கவில்லை. 1999 ஜூனில் பாரிஸில் ஹிங்கிஸை வென்று 22ஆவது கிராண்ட்ஸ்லாம் எடுத்தார். அடுத்த மாதம் விம்பிள்டன் இறுதியில் டெவன்போர்ட்டிடம் தோற்றார். ஓகஸ்டில் அமெரிக்காவில் ஒரு சிறிய தொடரில் காயத்தால் ஆட்டத்தை இடையில் விட்டார், சில நாளில் "போதும்" என்று அறிவித்துவிட்டார். வயது முப்பதுதான். ஒரே வருடத்தில் நாலு கிராண்ட்ஸ்லாமும் ஒலிம்பிக் தங்கமும் எடுத்தவர் அவர், 1988இல். சத்தம் போடாத மனுசி, போனதும் சத்தமில்லாமல். அது அவருடைய சுபாவம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். விடைகொடுக்கக் கிடைக்காத விளையாட்டு மனிதர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள் சேர். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் தலைமுறை தலைமுறையாகப் பெடியன்களுக்குக் கூடைப்பந்து பழக்கிய யூஜின் ஹேபியர் அடிகளார், அமெரிக்காவிலிருந்து வந்து நம் ஆளாகவே ஆகிப்போன மனிதர், 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டு, வந்து சேரவே இல்லை. அவரோடு வந்த பையனும் வந்து சேரவில்லை. அவரிடம் பந்து பிடிக்கப் பழகியவர்கள் எழுந்து நின்று கைதட்டி அனுப்பியிருக்க வேண்டிய மனிதர். அந்தக் கைதட்டல் இன்னும் கடனாகக் கிடக்கிறது. பெடரரின் அந்த இரவைப் பார்த்து இந்த ஊர்க்காரர்கள் கூடுதலாக அழுதார்கள் என்றால் அதில் எனக்கு ஆச்சரியமில்லை. முறையான விடைபெறல் எப்படி இருக்கும் என்று நாம் பார்த்தது குறைவு.

கொப்பியைப் பற்றி: ஸ்டெபியின் பழைய ஆட்டங்கள் பல யூடியூபில் இருக்கின்றன சேர். பேரப்பிள்ளைகளிடம் சொல்லுங்கள், 1999 பாரிஸ் இறுதியாட்டத்தைத் தேடித் தருவார்கள்.

கேள்வி: என் வீட்டில் மகன் நடால் கட்சி, மகள் பெடரர் கட்சி. இரண்டு பேரும் ஓய்வுபெற்ற பிறகும் சண்டை ஓயவில்லை. சோறு போட்டால்கூட "யார் பெரிய ஆள்" என்றுதான் கதை. என்ன செய்ய?
*ஒரு தாய், வாழைச்சேனை*

சண்டை பிடிக்கட்டும் அக்கா, நல்ல சண்டைதான். நாற்பது தரம் மோதினார்கள், நடால் 24, பெடரர் 16. மகன் இதைச் சொல்லிக் குதிப்பான். மகளுக்கு 2017 மெல்பேர்ன் இறுதியை ஞாபகப்படுத்துங்கள்: ஆறு மாதம் ஓய்வில் இருந்து திரும்பி வந்த 35 வயதுப் பெடரர், ஐந்தாவது செட்டில் பின்னுக்கு நின்று, அங்கிருந்து நடாலை வென்றார். மகன் உடனே 2008 விம்பிள்டனைச் சொல்லுவான், இருட்டும்வரை நடந்து ஐந்தாவது செட் 9-7. அதற்கு மகளிடம் பதில் இருக்காது. எனக்கும் இல்லை.

ஆனால் இருவருக்கும் ஒன்றைக் காட்டுங்கள். நடால் ஓய்வுபெறும்போது பெடரர் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். "நீ என்னைப் பலதரம் தோற்கடித்தாய், நான் உன்னைத் தோற்கடித்ததை விடக் கூட" என்று தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்கிறார். உன்னைச் சமாளிக்க என் ராக்கெட்டின் அளவையே மாற்றினேன் என்கிறார். அப்புறம் 2025 மே 25, பாரிஸில் நடாலுக்கு விழா. அரங்கு முழுக்க செம்மண் நிறச் சட்டை போட்ட ரசிகர்கள். பெடரர், ஜோகோவிச், மரே மூன்று பேரும் வந்து நின்றார்கள். பதினான்கு தரம் வென்ற அந்தக் கோர்ட்டிலேயே நடாலின் பாதச்சுவட்டைப் பதித்து வைத்தார்கள். அந்த வீடியோவை இரண்டு பிள்ளைகளையும் ஒன்றாக இருத்திப் பார்க்க வையுங்கள். சண்டை நிற்கும் என்று சொல்லமாட்டேன், சோறு உள்ளே போகும்.

கேள்வி: நான் உயர்தரம் இரண்டாம் முறை எழுதப் போகிறேன். பெடரர் மாதிரிப் பிறவித் திறமை உள்ளவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. வியர்க்காமலே வெல்கிறார்.
*மாணவர், திருக்கோவில்*

தம்பி, இதைக் கேட்டால் அவருக்குத்தான் கோபம் வரும். 2024 ஜூனில் அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் இதைத்தான் பேசினார். கஷ்டப்படாமல் வென்றேன் என்பது கட்டுக்கதை, அப்படித் தெரிவதற்காகக் கடுமையாக உழைத்தேன் என்றார். இளம் வயதில் கோர்ட்டில் கத்தி, ராக்கெட்டை எறிந்து உடைத்த பெடியன் அவர். அதே பேச்சில் ஒரு கணக்கும் சொன்னார்: ஆடிய 1526 ஒற்றையர் ஆட்டங்களில் கிட்டத்தட்ட 80 வீதம் வென்றிருக்கிறார், ஆனால் அந்த ஆட்டங்களில் எடுத்த புள்ளிகள் 54 வீதம்தான்! அதாவது உலகத்தின் முதலாவது ஆள் அடித்த புள்ளிகளில் பாதிக்குக் கிட்ட தோல்வி. ஒவ்வொன்றையும் அந்த இடத்திலேயே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகப் பழகினார்.

2019 விம்பிள்டன் இறுதியில் மறுபக்கம் நடந்தது. ஜோகோவிச்சை விட 14 புள்ளி கூட எடுத்தார், 218க்கு 204. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் பட்டம் என்ற நிலை இரண்டு தரம் வந்தது. தோற்றார். நான் இரண்டு நாள் யாரோடும் கதைக்கவில்லை. அவர் அதற்குப் பிறகும் ஆடினார். நீங்கள் விட்ட பழைய வினாத்தாளை எடுத்து எந்தக் கேள்வியில் புள்ளி போனது என்று பாருங்கள், அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.

கேள்வி: அன்ரி, எனக்கு 11 வயது. டெனிஸ் பழக ஆசை. எங்கள் ஊரில் கோர்ட் இல்லை. ராக்கெட்டும் இல்லை. என்ன செய்ய?
*ஏறாவூர்*

மனே, பந்து உங்களிடம் இருக்கும். நீங்கள் சொப்ட்போல் கிரிக்கெட் அடிக்கும் பந்து டெனிஸ் பந்துதான். பெடரரும் சின்ன வயதில் சுவரில் அடித்துப் பழகியவர்தான், பாசலில் பெரிய ஆட்டக்காரருக்குப் பந்து பொறுக்கிக் கொடுத்த பெடியன். அதே தொடரைப் பிறகு பத்துத்தரம் வென்றார்.

வாப்பாவிடம் கேட்டுவிட்டு, ஜன்னல் இல்லாத ஒரு சுவர் பாருங்கள். நிலத்திலிருந்து 91 சென்ரிமீற்றர் உயரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள், டெனிஸ் வலை நடுவில் அந்த உயரம்தான். ராக்கெட் கிடைக்கும்வரை பலகையை வெட்டி, கைபிடிக்கும் இடத்தில் பழைய சைக்கிள் ரியூப்பைச் சுற்றுங்கள். சுவரிலிருந்து ஒரு ஆறேழு அடி வைத்துத் தள்ளி நின்று, கோட்டுக்கு மேலே மெல்ல அடித்து, ஒருதரம் குத்தி எழும்பும் பந்தைத் திருப்பி அடியுங்கள். வலது பக்கமும் இடது பக்கமும் மாறி மாறி. முதலில் வேகம் வேண்டாம், பந்து விழாமல் இருந்தால் போதும். இடைவிடாமல் இருபது அடித்ததும் ஒரு அடி பின்னால் போங்கள். எத்தனை வரை வந்தது என்று எனக்கு எழுதுங்கள், இந்தப் பக்கத்தில் போடுகிறேன்.